தரவு செவ்வன் பரம்பலில் இல்லையா? கட்டுப்பாட்டு வரைபு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்மலானை, பியகம, பேலியகொடை என்று கொழும்பைச் சுற்றியுள்ள ஃபெக்டரிகளில் கியூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) வேலைக்குச் சேரும் தம்பி தங்கச்சிமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உயர்தரத்தில் படித்த சொற்களையே பாவித்திருக்கிறேன்: இடை, இடையம், நியம விலகல், செவ்வன் பரம்பல். கட்டுப்பாட்டு வரைபு என்பது அளவீடுகளை நேர ஒழுங்கில் புள்ளியாகப் போட்டு, நடுக்கோடும் மேல், கீழ் எல்லைகளும் வரைந்த தாள். அதைச் சில இடங்களில் சார்ட் என்றே எழுதியிருக்கிறேன், லைனில் நிற்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உதாரணங்களில் வரும் எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, எந்தக் கொம்பனியின் தரவும் இல்லை.

தரவு செவ்வன் பரம்பலில் இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு வரைபு போடவே கூடாது என்று ட்ரெய்னிங்கில் சொன்னார்கள். உண்மையா அண்ணா?

இல்லை. 1924 மே 16 அன்று வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொம்பனியில் இருந்த வோல்டர் ஷுவார்ட் தன் மேலதிகாரிக்கு அனுப்பிய சிறு குறிப்பில்தான் முதல் கட்டுப்பாட்டு வரைபு வந்தது. அந்த மனிதர் 3 சிக்மா (3 நியம விலகல்) எல்லையைத் தேர்ந்தெடுத்தது செவ்வன் பரம்பல் அட்டவணையைப் பார்த்து இல்லை. வீணாக ஓடித் தேடுவதால் வரும் செலவு ஒரு பக்கம், உண்மையான கோளாறைத் தவறவிடுவதால் வரும் செலவு மறுபக்கம், இரண்டையும் சேர்த்துக் குறைக்க எங்கே கோடு போடலாம் என்று பார்த்தார், 3 என்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்தது. அதோடு விடவில்லை. செவ்வன், செவ்வகம், முக்கோணம் என்று மூன்று பரம்பல் வடிவங்களில் எண் எழுதிய சில்லுகளைக் கிண்ணத்தில் போட்டு, நாலு நாலாக எடுத்து, சராசரிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்றும் காட்டினார்.

கணக்கு வேண்டுமென்றால் செபிஷெவ் சமனிலியைப் பாருங்கள். எந்தப் பரம்பலாக இருந்தாலும், நியம விலகல் என்று ஒன்று இருந்தால் போதும், இடையிலிருந்து 3 நியம விலகலுக்குள் குறைந்தது 88.9% தரவு இருந்தே தீரும். பரம்பலுக்கு ஒரே ஒரு கூம்புதான் என்றால் அது 95%க்கு மேல் ஏறும், இதைக் காட்டிய விசோசான்ஸ்கி–பெட்டூனின் சமனிலி 1980இல் வந்தது. இவை ஆக மோசமான நிலைக்கான எண்கள். தொழிற்சாலையில் நாம் காணும் ஒரு கூம்புத் தரவு பெரும்பாலும் 98, 99 என்ற பக்கத்தில்தான் இருக்கும். செவ்வனுக்கு 99.73%. ஆகவே வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சார்ட்டைக் கழற்றி வீசும் அளவுக்கு இல்லை.

அப்படியென்றால் செவ்வன் வேண்டும் என்ற கதை எங்கிருந்து வந்தது?

வரைபுக் கணக்கில் பாவிக்கும் மாறிலிகள், அதாவது 5 அளவீடு கொண்ட மாதிரிக்கு 0.577, 2.114, தனித்தனி அளவீட்டுக்கு 2.66, இவையெல்லாம் செவ்வன் பரம்பலை வைத்துக் கணித்தவை. அதைப் பார்த்துவிட்டு "அப்போ தரவும் செவ்வனாக இருக்கவேண்டும்" என்று ஒரு படி தாண்டிவிட்டார்கள். இர்விங் பர் என்பவர் 1967இல் செவ்வன் இல்லாத பல பரம்பல்களுக்கு இந்த மாறிலிகளைத் திரும்பக் கணித்துப் பார்த்தார். ஓராயம் (பரம்பல் ஒரு பக்கம் கோணும் அளவு) மிகப் பெரிதாக இருந்தாலொழிய பழைய மாறிலிகளே போதும் என்றுதான் வந்தது.

சரி, என் வலையுரு வரையம் (ஹிஸ்டோகிராம்) செவ்வனுக்குரிய மணி வடிவத்தில் இல்லை. முதலில் என்ன செய்யவேண்டும்?

ஏன் இல்லை என்று கேட்கவேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். ஏனென்றால் பலர் கோணல் வடிவத்தைக் கண்டதும் மினிடெப் என்ற புள்ளிவிபர மென்பொருளைத் திறந்து எந்தப் பரம்பல் பொருந்தும் என்று தேடத் தொடங்குகிறார்கள், அந்தக் கோணலுக்குள்தான் அவர்கள் தேடும் கோளாறே உட்கார்ந்திருக்கும்.

2 கிராம் டீ பேக் பொதிசெய்யும் ஒரு மெஷினை எடுங்கள். இரண்டு லேன். ஒரு லேனின் சராசரி 1.96, மற்றதன் சராசரி 2.05, ஒவ்வொன்றுக்குள்ளும் நியம விலகல் 0.02 மட்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் வலையுரு வரையத்தில் ஒட்டகம் மாதிரி இரண்டு கூம்பு வரும், எந்தச் சோதனையும் "செவ்வன் இல்லை" என்று சொல்லும். இன்னும் மோசம் என்னவென்றால், ஒவ்வொரு மாதிரியிலும் இரு லேனிலிருந்தும் பைகளை எடுத்திருந்தால், லேன்களுக்கிடையிலான வித்தியாசம் முழுவதும் வீச்சுக்குள் (மாதிரியின் ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் உள்ள தூரம்) புகுந்து எல்லைகளை ஊதிப் பெருக்கவைக்கும். சார்ட்டில் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டியே அமைதியாகப் போகும், மாதக்கணக்கில் ஒன்றுமே வெளியே வராது, மனேஜர் சந்தோஷப்படுவார். அப்படி ஒரு சார்ட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இதற்கு மருந்து லேனுக்கு ஒரு சார்ட். எந்த உருமாற்றமும் தேவையில்லை.

அடுத்தது நகர்வு. டீ பேக் மெஷின் தேயிலையைக் கனவளவால்தான் அளந்து போடுகிறது, நிறையால் இல்லை. ஆகவே டஸ்ட் தேயிலை முடிந்து பி.ஓ.பி.எஃப். என்ற வேறு தரத் தேயிலையை ஏற்றினால் அதே குழிக்குள் வேறு நிறை விழும். மே மாத மழையில் மூட்டையைத் திறந்து வைத்தால் தேயிலை ஈரத்தை இழுத்து மறுபடியும் கதை மாறும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து மெஷினைத் திரும்ப ஓட்டும் முதல் ஷிப்ட்டை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத் தரவைக் குவித்துப் பார்த்தால் நீண்ட வாலோ தட்டையான மேடோ தெரியும், நேர ஒழுங்கில் போட்டால்தான் படிப்படியாக ஏறுவது தெரியும். வலையுரு வரையம் நேரத்தை விழுங்கிவிடும், அதனால் எப்போதும் முதலில் நேர ஒழுங்கில் போடுங்கள்.

மூன்றாவது, மனிதக் கை. ஸ்பெக்கின் (அனுமதித்த அளவின்) கீழ் எல்லை 1.90 என்று வையுங்கள். 1.90, 1.91 இல் திடீரென்று ஒரு குவியல், 1.89 இல் ஒன்றுமே இல்லை, சுவர் கட்டியதுபோல வெட்டு. எந்த மெஷினும் அப்படிச் செய்யாது. பாஸ் ஆகாத பையைத் திரும்ப நிறுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் 1.89ஐ 1.90 என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைத் திட்டி வேலையில்லை, ஏன் அப்படி எழுதப் பயந்தது என்று பாருங்கள். சிவப்புப் புள்ளி வந்தால் ஒப்பரேட்டருக்கு ஏச்சு விழும் இடத்தில் தரவு ஒருநாளும் நேராக வராது.

இவை எல்லாவற்றையும் தள்ளிவிட்ட பிறகும் கோணல் இருந்தால், அப்போதுதான் அது அந்தச் செயல்முறையின் சொந்த வடிவம். பூச்சியத்துக்குக் கீழே போகமுடியாத அளவீடுகள் அப்படித்தான்: வட்டத்தன்மை, தட்டைத்தன்மை, மாசின் அளவு, ரப்பர் மோல்டிங்கில் ஓரத்தில் வரும் பிசிறு. துறைமுகத்திலிருந்து பியகமவுக்கு கொண்டெய்னர் வரும் நேரமும் இதே வகைதான், ஒரு அளவுக்குக் குறைய முடியாது, கூடுவதற்கோ எல்லையே இல்லை, மழைக்காலத்தில் களனிப் பாலத்தடியில் மாட்டியவர்களுக்குத் தெரியும்.

தரவு செவ்வனா என்று பார்க்கும் நோர்மலிட்டி டெஸ்டை எப்போது செய்யவேண்டும்?

சார்ட் நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதுவும் செயல்திறன் எண் (தயாரிப்பு ஸ்பெக்குக்குள் எவ்வளவு வசதியாக நிற்கிறது என்று காட்டும் சிபிகே போன்ற எண்) கணிக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும். அண்டர்சன்–டார்லிங்கோ ஷபிரோ–வில்க்கோ, எல்லாச் சோதனைகளும் "இந்தத் தரவு முழுவதும் ஒரே பரம்பலிலிருந்து வந்தது" என்று முதலிலேயே நம்பிக்கொண்டுதான் தொடங்குகின்றன. அதை உறுதிசெய்வதே சார்ட்டின் வேலை. சார்ட்டுக்கு முன் டெஸ்ட் போடுவது குதிரைக்கு முன் வண்டியைக் கட்டுவது.

இன்னொன்று, 15 தரவு இருந்தால் எதுவும் பாஸ் ஆகும், 5,000 தரவு இருந்தால் தராசு இரண்டு தசமத்துக்கு மட்டந்தட்டுவதே போதும், பெயில் ஆகிவிடும். டெஸ்ட் தரும் பி பெறுமானத்தை (சிறிதாக இருந்தால் பெயில்) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், செவ்வன் தரவு நேர்கோடாக விழும் நிகழ்தகவுத் தாளில் புள்ளிகள் எங்கே வளைகின்றன என்று கண்ணால் பாருங்கள்.

உண்மையிலேயே கோணலான தரவுக்குச் சாதாரண சார்ட் போட்டால் எவ்வளவு பிழை அலாரம் வரும்?

மேலே சொன்ன ரப்பர் பிசிறை எடுப்போம். இடை 0.1 மில்லிமீற்றர், பரம்பல் கிட்டத்தட்ட அடுக்குக்குறிப் பரம்பல், அதாவது பூச்சியத்தின் பக்கம் குவிந்து மேலே நீண்ட வாலுடன் குறைந்துபோவது. இது நல்ல கோணல், தொழிற்சாலையில் இதைவிடக் கோணலாக அடிக்கடி வராது. அடுக்குக்குறிப் பரம்பலில் நியம விலகலும் இடையும் ஒன்றே என்பதால் மேல் எல்லை 0.1 + 0.3 = 0.4. அதைத் தாண்டும் நிகழ்தகவு 1.8%. செவ்வனில் இரு பக்கமும் சேர்த்து 0.27% என்பதால், 370 புள்ளிக்கு ஒன்று வரவேண்டிய பொய் அலாரம் 55 புள்ளிக்கு ஒன்றாக வரும். நகரும் வீச்சின் (அடுத்தடுத்த இரு அளவீட்டின் வித்தியாசம்) சராசரியை 2.66ஆல் பெருக்கி எல்லை போட்டால் கோடு 0.366இல் விழும், தாண்டுவது 2.6%, அதாவது 39 புள்ளிக்கு ஒன்று. கீழ் எல்லை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், அதைப் போடாமலே விடலாம்.

ஐந்தைந்தாக எடுத்துச் சராசரி போட்டால் 0.9% ஆக இறங்கும். சராசரிகள் செவ்வனை நெருங்கும் என்ற மைய எல்லைத் தேற்றம் உதவுகிறது, ஆனால் ஐந்து அளவீட்டுக்கு அது முழுதாக வேலை செய்யாது. பாடப்புத்தகத்தில் 30 என்று சொல்கிறார்களே என்று ஷிப்ட்டுக்கு 30 மாதிரி எடுக்க நிற்காதீர்கள்.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4 புள்ளி போடுகிறீர்கள் என்றால், ஆக மோசமாக இரண்டு கிழமைக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ ஒன்றுமில்லாத அலாரம் வரும். பத்து நிமிடம் மோல்டைப் பார்த்துவிட்டு வருவதுதான் செலவு என்றால் விட்டுவிடுங்கள், அப்படியே ஓடட்டும். ஒவ்வொரு அலாரத்துக்கும் லைனை நிறுத்தி ஒரு தொன் கலவையைத் தடுத்துவைக்க வேண்டும் என்றால் அப்போது எல்லையை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

எட்டுப் புள்ளி ஒரே பக்கம் விழுந்தால் என்ற விதி?

இங்கேதான் கோணல் தரவு உண்மையாகக் கடிக்கும், யாரும் இதைச் சொல்வதில்லை. 1956இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் வெளியிட்ட விதிகளில் எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் என்பது ஒன்று. அதன் அடிப்படை, ஒரு புள்ளி மேலே விழவும் கீழே விழவும் சம வாய்ப்பு என்பது. அடுக்குக்குறிப் பரம்பலில் 63% தரவு இடைக்குக் கீழேதான். எட்டும் கீழே விழும் நிகழ்தகவு 0.4%க்குப் பதில் 2.5%.

தீர்வு எளிது: நடுக்கோட்டை இடையத்தில் போடுங்கள், எட்டு விதி பழையபடி சரியாகிவிடும். 2 சிக்மா, 1 சிக்மா வலய விதிகளையோ இப்படியான தரவுக்கு முழுதாக நிறுத்திவிடுங்கள்.

மடக்கை எடுக்கலாமா? பொக்ஸ்–கொக்ஸ் செய்யலாமா?

எடுக்கலாம், ஆனால் கடைசியாக. தரவை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் செவ்வனாகும் என்று தேடும், பொக்ஸும் கொக்ஸும் 1964இல் தந்த முறை கணக்காக நல்ல முறைதான், குறை அதில் இல்லை. அது மென்பொருளில் ஒரு பொத்தானாக வந்ததிலிருந்து யாரும் யோசிக்காமல் அமுக்குகிறார்கள், அடுக்கு −0.37 என்று வரும், அதன் அர்த்தம் என்ன என்று லைனில் நிற்கும் சுப்பவைசர் அக்காவுக்கு யார் விளக்குவது?

என்ன இழக்கிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரவு பொதுவாக 2க்கும் 8க்கும் இடையில், 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் இடை 0.6, நியம விலகல் 0.2, வடிவம் செவ்வன். மடக்கையில் மேல் எல்லை 1.2, திருப்பினால் கிட்டத்தட்ட 16. மடக்கை எடுக்காமல் நேராகப் போட்டால் எல்லை 11 அளவில் விழும். ஒருநாள் 13 வருகிறது. நேர்ச் சார்ட் கத்தும், மடக்கைச் சார்ட் பேசாமல் இருக்கும். நேர்ச் சார்ட்டில் 1.4% பொய் அலாரம் வருகிறது என்பது உண்மை, ஆனால் அதற்கு விலையாக 11க்கும் 16க்கும் இடையில் வரும் உண்மையான கோளாறுகளை முதல் புள்ளியிலேயே பிடிக்கிறோம். மடக்கைக்கும் ஒரு நன்மை உண்டு: கீழ் எல்லை 1 என்று ஒன்று கிடைக்கும், நேர்ச் சார்ட்டில் அது எதிர்க்கணியமாகப் போய்ப் பிரயோசனம் இல்லாமல் கிடக்கும். குறைவது நல்லதா, அளவி பழுதா என்று பார்க்க அந்தக் கீழ் எல்லை உதவும்.

என் விருப்பம்: அளவீட்டின் இயல்பே பெருக்கலாக இருந்தால், உதாரணமாகப் பக்டீரியா எண்ணிக்கை போல பத்து மடங்கு நூறு மடங்கு என்று தாவினால், முதல் நாளிலிருந்தே மடக்கை, யோசிக்கவே வேண்டாம். வேறு எதற்கும் முதலில் நேராகப் போட்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். பொய் அலாரம் உண்மையிலேயே தொல்லை தந்தால் அப்புறம் பார்க்கலாம். பொக்ஸ்–கொக்ஸ் தரும் அடுக்கு 0.5க்குக் கிட்ட என்றால் வர்க்கமூலம், 0க்குக் கிட்ட என்றால் மடக்கை, அவ்வளவுடன் நிறுத்துங்கள்.

ஆடை ஃபெக்டரியில் நூறு துண்டுக்கு எத்தனை பிழை என்றுதான் எண்ணுகிறோம். அது செவ்வன் இல்லையே?

எண்ணிக்கைக்குச் சொந்தச் சார்ட்டுகள் இருக்கின்றன. பிழை எண்ணிக்கை புவசோன் பரம்பல் என்று எடுத்தால் நியம விலகல் இடையின் வர்க்கமூலம். ஒரு கட்டுக்குச் சராசரி 4 பிழை என்றால் மேல் எல்லை 4 + 6 = 10, கீழே ஒன்றுமில்லை. சராசரி அரைப் பிழை என்ற அளவுக்கு இறங்கினால் எல்லை 2.6, மூன்று பிழை கண்டதும் அலாரம், அது தானாகவே வரும் வாய்ப்பு 1.4%. கட்டைப் பெரிதாக்கி சராசரி 4, 5க்கு மேல் வரும்படி எண்ணினால் இந்தப் பிரச்சினை அடங்கும்.

எதிர்ப்பக்கப் பிரச்சினைதான் கொழும்பில் அதிகம் காண்பது. நாளுக்கு 20,000 துண்டு, 1% பழுது. ஈருறுப்புப் பரம்பலின்படி எல்லைகள் 0.79%க்கும் 1.21%க்கும் இடையில், தாளில் மயிரிழை. ஒவ்வொரு நாளும் துணி வேறு, ஸ்டைல் வேறு, ஆள் வேறு, ஆகவே அரைவாசிப் புள்ளி வெளியே நிற்கும், இரண்டு கிழமையில் யாரும் அந்தச் சார்ட்டைப் பார்க்கமாட்டார்கள். டேவிட் லேனி 2002இல் இதற்கு ஒரு திருத்தம் தந்தார், மினிடெப்பில் அவர் பெயரிலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாள் வீதத்தைத் தனித்தனி அளவீடாக எடுத்து நகரும் வீச்சுச் சார்ட் போடுங்கள், நாளுக்கு நாள் துண்டு எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டால் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எப்போதாவது வரும் நிகழ்வு, உதாரணமாக மெட்டல் டிடெக்டரில் உடைந்த ஊசித் துண்டு சிக்குவது?

மாதத்துக்கு ஒன்று இரண்டு என்றால் எண்ணிக்கைச் சார்ட்டில் பூச்சியம் பூச்சியமாக ஓடும், ஒன்று வந்தால் துள்ளும், ஒன்றும் விளங்காது. இரண்டு நிகழ்வுகளுக்கிடையில் எத்தனை நாள் என்று போடுங்கள். அந்த இடைவெளி அடுக்குக்குறிப் பரம்பல் போல இருக்கும், லொயிட் நெல்சன் சொன்னபடி 0.2777ஆம் அடுக்கு எடுத்தால் கிட்டத்தட்டச் செவ்வனாகிவிடும். மேலே நான் திட்டிய உருமாற்றம் சரியாகப் பொருந்தும் இடம் இது, ஏனென்றால் பரம்பல் ஏன் அப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சராசரி இடைவெளி 20 நாள் என்றால் மேல் எல்லை சுமார் 145 நாள், கீழ் எல்லை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆகவே நிலைமை கெட்டுப்போவதை ஒற்றைப் புள்ளியால் இந்தச் சார்ட் பிடிக்காது. மூன்று நிகழ்வுகளுக்கு எடுத்த மொத்த நாள் என்று சேர்த்துப் போட்டால் கொஞ்சம் உதவும். ஊசி உடைவது போன்ற விடயத்தில் ஒவ்வொரு துண்டையும் எப்படியும் தேடித்தான் ஆகவேண்டும், சார்ட் எல்லைக்குள் இருக்கிறது என்று எந்தப் பையருக்கும் சொல்லமுடியாது.

சிபிகே 1.33 வந்திருக்கிறது. தரவு செவ்வன் இல்லை. அனுப்பலாமா?

வேண்டாம். சார்ட் பரம்பலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது, ஆனால் செயல்திறன் எண் முழுக்க முழுக்க வாலைப் பற்றியது, அங்கே வடிவம் தப்பினால் எல்லாம் தப்பும்.

அதே ரப்பர் பிசிறு, ஸ்பெக் மேல் எல்லை 0.5 மில்லிமீற்றர். வழமையான சூத்திரம்: 0.5இலிருந்து 0.1ஐக் கழித்து 0.3ஆல் வகுத்தால் 1.33. அழகான எண். செவ்வன் என்றால் பத்து இலட்சத்தில் சுமார் 32 துண்டு மட்டும் வெளியே போகும் என்று அர்த்தம். அடுக்குக்குறிப் பரம்பலில் உண்மையில் வெளியே போவது 0.67%, பத்து இலட்சத்தில் 6,700க்கு மேல். இருநூறு மடங்கு. பையருக்கு 32 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 6,700 அனுப்புவதைக் கற்பனை செய்யுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 22514 தொடரில் உள்ள முறை சதமணைகளை வைத்தது. இடைக்குப் பதில் இடையம், 3 சிக்மாவுக்குப் பதில் இடையத்திலிருந்து 99.865ஆம் சதமணை (99.865% தரவு இதற்குக் கீழே இருக்கும்) வரையுள்ள தூரம். நமது உதாரணத்தில் இடையம் 0.069, அந்தச் சதமணை 0.661. ஆகவே 0.431ஐ 0.592ஆல் வகுக்க 0.73. இப்போது எண்ணும் உண்மையும் ஒரே பக்கம் நிற்கின்றன.

ஆனால் அந்தச் சதமணை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 99.865 என்றால் 740இல் ஒன்று. உங்களிடம் 100 தரவுதான் இருக்கிறது, அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு தரவுகூட இல்லை. வெய்புலா, மடக்கைச் செவ்வனா என்று எதைப் பொருத்துகிறீர்களோ அதுதான் வாலை வரைகிறது, நடுவில் இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தும், வாலில் வெகுதூரம் பிரியும். ஆகவே இரண்டு மூன்று பரம்பலைப் பொருத்தி, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். 0.7க்கும் 0.8க்கும் இடையில் ஆடினால் பிரச்சினை இல்லை, எப்படியும் பெயில். 1.1க்கும் 1.6க்கும் இடையில் ஆடினால் உங்களிடம் எண் இல்லை, இன்னும் தரவு எடுக்கவேண்டும், அவ்வளவுதான். செயல்முறை நிலையாக இல்லாமல் இதில் எதைக் கணித்தாலும் வீண் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.யிலிருந்து செக்கனுக்கு ஒரு வெப்பநிலை வருகிறது, எல்லாப் புள்ளியும் எல்லைக்கு வெளியே. செவ்வன் இல்லாததாலா?

இல்லை. ஒரு செக்கனுக்கு முந்திய வெப்பநிலையும் இப்போதையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே நகரும் வீச்சு மிகச் சிறிதாகி எல்லைகள் ஒடுங்கிவிடுகின்றன. இது தரவுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் வரும் நோய், மடக்கை எடுத்தாலும் மாறாது. ஒரு சுழற்சிக்கு ஒரு பெறுமானம், அல்லது அரை மணித்தியாலத்துக்கு ஒன்று என்று எடுங்கள்.

சின்ன நகர்வுகளைப் பிடிக்கவேண்டும், தரவும் கோணல். என்ன சார்ட்?

அடுக்குக்குறி நிறையிட்ட நகரும் சராசரி, ஈ.டபிள்யூ.எம்.ஏ. 1959இல் ரொபர்ட்ஸ் தந்தது. நிறை 0.05, எல்லை 2.492 சிக்மா என்று வைத்தால் பரம்பலின் வடிவம் கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் பல தரவுகளின் கலவை. பெரிய தாவலைப் பிடிப்பதில் மந்தம், அதனால் பக்கத்தில் சாதாரணச் சார்ட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவி 0.1க்கு மட்டுமே காட்டுகிறது, தரவு படிப்படியாக நிற்கிறது.

வீச்சுச் சார்ட்டைப் பாருங்கள். எல்லைக்குள் வரக்கூடிய வெவ்வேறு பெறுமானங்கள் ஐந்துக்குக் குறைவு என்றால் அளவி பருமன். நல்ல அளவி வாங்கச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

ஒடிட்டர் வந்து "நோர்மலிட்டி டெஸ்ட் எங்கே" என்று கேட்டால்?

வாக்குவாதம் வேண்டாம், மரியாதையாக மூன்று தாளைக் காட்டுங்கள். நேர ஒழுங்கில் போட்ட சார்ட், லேன் வாரியாகவோ மெஷின் வாரியாகவோ பிரித்தது. அதே தரவின் வலையுரு வரையம், அதன் கீழே வடிவம் ஏன் கோணல் என்று ஒரு வரி: "பூச்சியத்தால் மட்டுப்பட்டது" போல. மூன்றாவது, சதமணை முறையில் கணித்த செயல்திறன் எண், எந்தப் பரம்பல் பொருத்தினீர்கள், எத்தனை தரவு என்பதோடு. அவர் இன்னும் "இல்லை சேர், பி பெறுமானம் வேண்டும்" என்றால் அண்டர்சன்–டார்லிங் பெறுமானத்தையும் கொடுத்துவிடுங்கள், 0.005க்குக் குறைவு என்றே வரும், மறைக்கத் தேவையில்லை. வலையுரு வரையத்தின் கீழே நீங்கள் எழுதிய வரியும் அதையேதான் சொல்கிறது. சிலர் ஒடிட்டுக்கு முதல் நாள் இரவு கோணலான தரவுகளை அழித்துப் பி பெறுமானத்தை 0.05க்கு மேலே ஏற்றிவைப்பார்கள். அனுபவமுள்ள ஒடிட்டர் தராசின் பிரிண்ட்அவுட்டைக் கேட்டு வரிசை இலக்கங்களை எண்ணிப் பார்ப்பார்.